கடல்மேல் போட்ட பழி

பழைய துறைமுகப் பட்டினங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் பேச்சு கடைசியில் கடலில் போய் விழுந்துவிடுகிறது. கொற்கை என்றால் கடல் விலகிப்போனது, புகார் என்றால் கடல் உள்ளே வந்தது. அதோடு கதை முடிகிறது, கேட்பவரும் தலையசைத்துவிடுகிறார். நாகப்பட்டினத்துக்குப் போய்வந்ததிலிருந்து இந்தத் தலையசைப்பு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. சூடாமணி விகாரம் என்ற பழைய பௌத்தப் பள்ளி எங்கே இருந்தது என்று அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் கை கிழக்கே நீளுகிறது. டீக்கடையில் நின்றவர், ஆட்டோ ஓட்டுபவர், பழைய கடற்கரைச் சாலையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா என்று எல்லோரும் கடலையே காட்டினார்கள். அலைக்கு அப்பால் எங்கோ, தண்ணீருக்கு அடியில். சொல்பவர் குரலில் வருத்தம் இருக்கிறது, ஒரு நிம்மதியும் சேர்ந்தே இருக்கிறது. கடல் எடுத்துக்கொண்டதற்கு யார் என்ன செய்ய முடியும்? அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிபடவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் கடைசியாக நின்ற பௌத்தக் கோபுரத்தைக் கடல் தொடவே இல்லை. அது 1867 வரைக்கும் தரையில் நின்றது. அதை இறக்கியவை ஒரு விண்ணப்பமும் ஓர் அனுமதியும்.

ஒரு துறைமுகத்துக்கு நாம் எந்தப் பக்கமிருந்து போகிறோம் என்பதை முதலில் யோசிக்கவேண்டும். நான் போனது திருவாரூர்ச் சாலை வழியாக. இரு மருங்கும் வயல், வாய்க்கால், வாய்க்காலில் ஆகாயத்தாமரை. பிறகு காற்றில் உப்பு ஏறத் தொடங்கும், மண் வெளிறிக்கொண்டே வரும், மீன்வாடை முகத்தில் அடிக்கும், பேருந்து நின்றுவிடும். கரையில் இறங்கி முதுகை ஊருக்குக் காட்டிக் கடலைப் பார்க்கிறோம். துறைமுகம் கட்டியவர்களின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. கடலில் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதற்காகவே ஊர் எழும்பியது. நாகை ஆழமான துறை கொண்ட ஊர் இல்லை. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில்தான் கரைக்கு வரவேண்டும். சோழமண்டலக் கரையோ மலையில்லாத தட்டைக் கரை. கப்பலிலிருந்து பார்த்தால் மணல் ஒரு கோடு, மரங்கள் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு மேலே செங்குத்தாய் எழும் எதுவும் மாலுமிக்கு உயிர். நாகூர் தர்காவின் பெரிய மினாரா, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த 131 அடி உயர மினாரா, அப்படி எழுந்த ஒன்று. வேளாங்கண்ணிக் கோபுரங்கள் இன்னொன்று. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கும் மீனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவி வந்துவிட்டது, வயதானவர்களின் கண்ணில் அந்தக் கணிப்பும் இருக்கிறது. நீவாடு என்ற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக்காற்று எப்போது திரும்பும் என்பதோடு சேர்ந்த அறிவு அது. அவர்களுக்கு ஊர் என்பது கிழக்கிலிருந்து பார்க்கும் ஊர்.

இடிக்கப்பட்ட கோபுரமும் அப்படிக் கிழக்கிலிருந்து பார்க்கப்பட்ட ஒன்றுதான். பழைய நகரத்திலிருந்து வடக்கே ஒன்றிரண்டு மைல் தூரத்தில் நின்ற அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றார்கள், கறுப்புக் கோபுரம் என்றார்கள், சமணக் கோபுரம் என்றும் எழுதினார்கள். நாகைக்கு வரும் கப்பல்களுக்கு அது நெடுங்காலம் திசைகாட்டியது. சென்னை அரசின் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1846-இல் அதைப் பார்த்திருக்கிறார். ஏறக்குறையச் சதுரமான மூன்று நிலைகள். சாந்து பூசாமல் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிய செங்கல். நிலைகளைப் பிரிக்கும் விளிம்புகள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாசலோ சன்னலோ போன்ற ஒரு திறப்பு. உள்ளே தளங்கள் விழுந்து, மேலே வானம் தெரிந்தது. கோபுரம் போன பிறகு, 1878-இல், அவருடைய குறிப்பும் படமும் அச்சில் வந்தன. அதைக் கட்டியது யார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சிலர் ராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்தின் மிச்சம் என்கிறார்கள். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், இந்தக் கரையில் 1267-ஆம் ஆண்டைச் சொல்லும் சீன எழுத்துப் பொறித்த ஒரு செங்கல் கோபுரம் வருகிறது. அதுதான் இது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு அந்த வழக்கில் பெரிய ஆர்வம் வரவில்லை. கடாரத்தான் கட்டியிருந்தாலும் சீனன் கட்டியிருந்தாலும் கடல் தாண்டி வந்தவன் தமிழ்க் கரையில் நட்டுவைத்தது அது. புயலையும் கொள்ளையையும் போர்த்துகீசியரையும் ஒல்லாந்தரையும் தாண்டி நின்றது.

அதை மேலும் நிற்க முடியாமல் செய்தது எது என்று பார்த்தால் பகை கண்ணில் படுவதில்லை. நாகையில் குடியேறியிருந்த பிரெஞ்சு யேசு சபைத் துறவிகள் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார்கள். 1844-இல் அங்கே தொடங்கி 1883-இல் திருச்சிக்குப் போன புனித வளனார் கல்லூரி அது. இந்தப் பக்கத்துப் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்த நிறுவனம். அவர்களுக்குக் கட்டடம் வேண்டியிருந்தது, செங்கல் வேண்டியிருந்தது, அருகே சிதைந்த கோபுரம் நின்றது. அதை இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கேட்டது ஒரு முறையோடு முடியவில்லை. கடைசியில் 1867-இல் அரசு சம்மதித்தது. இதில் வாள் இல்லை, வெறிக்கூச்சல் இல்லை. எல்லாம் தாளில், மரியாதையாக, கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று முடியும் நடையில் நடந்திருக்கும். அதே பத்தாண்டில், 1861-இல், நாகையிலிருந்து தஞ்சை நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. அதே 1861-இல் வடக்கே தொல்லியல் ஆய்வுக்கென்று கன்னிங்காம் நியமிக்கப்பட்டார். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வர 1904 ஆகிவிட்டது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட கோபுரம் இது என்று சொல்லி ஆறுதல் தேடலாம். என்னால் முடியவில்லை. நாகூர் மினாரா நிற்கிறது, காயாரோகணேசுவரர் கோயில் நிற்கிறது, ஒல்லாந்தர் 1774-இல் கட்டிய தேவாலயம்கூட நிற்கிறது. அவற்றுக்கெல்லாம் ஆள் இருந்தார்கள். கந்தூரி எடுக்க, தேர் இழுக்க, ஞாயிற்றுக்கிழமை மணியடிக்க ஆள் இருந்தார்கள். புதுவெளிக் கோபுரத்தில் விளக்கேற்ற எவரும் மிஞ்சவில்லை. கரையில் ஆளில்லாத அந்தக் கோபுரத்துக்குக் கடலில் ஆள் இருந்தார்கள், அதைப் பார்த்துச் சுக்கான் திருப்பியவர்கள். கரையிலிருந்து போன விண்ணப்பத்துக்கு மறுவிண்ணப்பம் எழுத அவர்களுக்கு வழியில்லை.

மண்ணுக்கடியிலிருந்து வந்த சாட்சி இன்னும் நெருக்கமானது. 1856-இல் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய இலுப்பை மரம் ஒன்றை வெட்டும்போது வேருக்கடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. பிறகு 1930-கள் வரைக்கும் வெளிப்பாளையத்திலும் சுற்றிலும் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்து, ஏறத்தாழ 350 செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. தலைக்குமேல் சிறு தீச்சுடர் எழும் புத்தர்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னத் தூபிகள். பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. சில லண்டன், நியூயார்க் வரைக்கும் போயின. எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்து நின்றபோது, இவற்றை யார் புதைத்தார்கள் என்ற நினைப்பு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. அவை வெள்ளத்தில் அடித்துப் போய் மண்மூடியவை இல்லை. செங்கல் அறை கட்டி, உள்ளே நிறுத்தி மூடியிருக்கிறார்கள். கடலுக்குப் பயந்தவன் கடலோர மணலில் செல்வத்தைப் புதைப்பானா? அந்தக் கடைசித் துறவிகள், அல்லது அவர்களுக்கு வேண்டியவர்கள், கடலை நம்பிக் கரையில் புதைத்தார்கள். அவர்களுடைய அச்சம் மேற்கிலிருந்து, மனிதரிடமிருந்து வந்தது. திருமங்கையாழ்வார் நாகையின் பொற்புத்தரை எடுத்துவந்து உருக்கித் திருவரங்கத்தில் மதில் கட்டினார் என்று வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. வரலாறா என்று அதை அளக்க வேண்டியதில்லை. ஒரு கோயிலின் பொன் இன்னொரு கோயிலின் சுவராகும் என்பதை இந்த நாடு இயல்பாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. 1867-க்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தக் கதைக்கு இடம் இருந்தது. அதனால்தான் யேசு சபையாரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் நாம் இந்த விகாரத்தைக் கடலோடு சேர்த்தே கற்பனை செய்யப் பழகியிருக்கிறோம். 'பொன்னியின் செல்வ'னில் சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு ஒளிந்திருக்கும் அருள்மொழிவர்மனையும், புயலில் கடல் பொங்கி விகாரத்துக்குள் புகும் அத்தியாயங்களையும் படித்து வளர்ந்த தலைமுறைகள் நாம். கல்கியின் அந்தப் புயல் அற்புதமான எழுத்து. நாகை என்றதும் என் மனதிலும் முதலில் அந்தத் தண்ணீர்தான் ஏறுகிறது. வரலாற்றில் விகாரம் எழுந்தது அருள்மொழி ராசராசன் ஆன பிறகுதான். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் எடுப்பித்தது. ராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். கொடுத்த விதம் 21 செப்பேடுகளில் இருக்கிறது. பெண்யானையை நடக்கவிட்டு ஊரின் எல்லையைச் சுற்றிவந்தார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எந்த ஊர் எல்லைக்கு மேற்கு என்று அடி அடியாகச் சொன்னார்கள். 8,900 கலத்துக்கு மேல் நெல் வருவாய், நாழிவரைக்கும் கணக்கு. இந்தக் கணக்கு நுணுக்கம் என்னை நெகிழ வைக்கிறது. அயலான் ஒருவனின் அப்பா பெயரில் எழுந்த, தான் கும்பிடாத தெய்வத்தின் கோயிலுக்கு, ஒரு நாழி நெல்லும் தப்பாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் செப்பில் வெட்டி நிலைநிறுத்தியவன் மகன் ராசேந்திரன். அவனே 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை அடித்தான். படையும் கடலில்தான் போனது, கொடையும் கடலில்தான் வந்தது. அடி வாங்கிய பிறகும் உறவு அறுந்துவிடவில்லை. 1090-இல் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, அந்தப் பள்ளிக்கு மறுபடி ஏடு எழுதிக்கொடுத்தார்கள். இத்தனை ஏடுகளும் ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறி லெய்டன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன. ஆனைமங்கலத்துக் குளமும் வாய்க்காலும் எழுதிய ஏட்டை லெய்டன் செப்பேடு என்று நம் பாடப்புத்தகங்களில் படித்தோம்.

கடல்கோளைப் பாடிய மணிமேகலை இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பாக இருந்திருக்கிறது. புகாரைக் கடல் கொண்டது என்று மட்டும் சொல்லி அது நிறுத்தவில்லை. காணாமற்போன மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை நடத்த மறந்தான், அதனால் கடல் வந்தது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் காரணத்தை இன்று அப்படியே ஏற்க முடியாது. துயரத்தில் இருந்த ஒரு தகப்பனின் மறதிக்கு ஊரே மூழ்குவது கொடுமையாகவும் இருக்கிறது. ஆனால் ஊர் போனதற்கு ஊரிலும் காரணம் தேடவேண்டும் என்ற முறைமை அதில் இருக்கிறது. நாம் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டோம்.

கடல்மேல் பழி போடுவது ஏன் இவ்வளவு கசக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் எதிரே வந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. அந்த ஒரு காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். விசைப்படகுகள் துறையிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் பாலத்தோரத்திலும் வீட்டுச் சுவர்களிலும் செருகிக் கிடந்தன. அங்கே கடல் உண்மையாகவே எடுத்தது. 1952, 1977 புயல்களிலும், 2018 நவம்பரில் கஜாவிலும் எடுத்தது. கடுவையாற்று முகத்துவாரத்தில் நின்று வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் சூடாமணி விகாரத்தைப் பற்றி விசாரிக்க வாய் திறந்து, மூடிக்கொண்டேன். கடல் எடுத்தது என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை வேறு. ஒரு கோபுரத்தின் செங்கல்லை மனிதர்கள் கழற்றிக் கொண்டுபோனதையும் அந்தச் சொல்லின் கீழே போட்டு மூடினால், குழந்தையைப் பறிகொடுத்தவரின் சொல்லை நாம் கடன்வாங்கிச் செலவழிக்கிறோம். கடலின் கணக்கு ஏற்கெனவே கனமானது. மனிதர் கணக்கையும் அதில் ஏற்றுவது அநியாயம்.

அந்த மீனவர்களுக்குக் கடலோடு உள்ள கணக்கு நம்முடையதைப் போல ஒருவழியானது இல்லை. அதிபத்த நாயனார் அவர்களில் ஒருவர், இதே நாகைக்காரர். அகப்படும் மீன்களில் முதல்மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே ஒரு மீன் அகப்பட்ட பசிநாளிலும், அது பொன்மீனாக வந்த நாளிலும் விட்டவர். ஆவணியில் இன்றும் நம்பியார் நகர்க் கரைக்குச் சாமி வருகிறது, பொன்மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது. கடலுக்குக் கொடுத்ததை அவர்கள் கொடுத்தோம் என்றே சொல்கிறார்கள். கடல் எடுத்ததை எடுத்தது என்கிறார்கள். இரண்டையும் குழப்புவதில்லை.

நம்முடைய இதே குழப்பம் இந்தத் துறையிலிருந்து போனவர்களைப் பற்றிய நினைவிலும் இருக்கிறது. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன பல்லாயிரம் பேர் நாகையில்தான் கப்பலேறினார்கள். அவர்களைக் கூட்டிவைத்து அனுப்ப இங்கே முகாம் இருந்தது. தஞ்சை, திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களில் கடலுக்கு அந்தப்புறம் போய்த் திரும்பாத தாத்தா ஒருவர் இருப்பார். கடல் பிரித்துவிட்டது என்பார்கள். பிரித்தது கங்காணி கொடுத்த முன்பணம், ஊரில் கிடைக்காத கூலி, சேரியில் விழுந்த அடி. 1938-இல் இந்திய அரசு அந்த ஆளனுப்புதலைத் தடுத்தது. பிறகும் சொந்தமாய்ப் போய்வந்தவர்களை 'ரஜூலா' என்ற கப்பல் நெடுநாள் சுமந்தது. அதற்கப்புறம் சென்னைக்கும் சிங்கப்பூருக்குமாய் நாகையைத் தொட்டு ஓடிய 'சிதம்பரம்' 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின. அந்தக் கப்பல்வழி அத்தோடு முடிந்தது. நாகையிலிருந்த ரயில்வே பணிமனை அதற்கு வெகு முன்பே, 1920-களின் முடிவில், பொன்மலைக்குப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவெடுத்த மேசை உண்டு, தேதி உண்டு. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் நாகை சிறுத்ததில் அலைக்கு இருந்த பங்கு மிகச் சிறியதாகத் தெரிகிறது.

2023 அக்டோபரில் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். நின்று, அடுத்த ஆண்டு திரும்ப ஓடியது. அந்தக் கப்பலில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நாகை கிழக்கிலிருந்து தெரியும். மினாரா தெரியும், கலங்கரை விளக்கம் தெரியும். அவர்களுக்குத் தெரியாமற்போன ஒன்றை ஊர் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன். எலியட் வரைந்த கோபுரத்தைக் கல்லில் பெரிதாய்ப் பொறித்து, கப்பல்துறைக்கு வெளியே வருகிறவர்கள் கண்ணில் படும் உயரத்தில் நிறுத்தலாம். அதன் கீழே காலம் அழித்தது, கடல் அழித்தது என்று எழுதக்கூடாது. இடிக்கக் கேட்டவர்கள் யார், இடிக்கச் சம்மதித்த அரசு எது, ஆண்டு 1867, செங்கல் எந்த வேலைக்குக் கேட்கப்பட்டது என்று எழுதவேண்டும். ஆனைமங்கலத்தை எழுதியவர்கள் நாழிவரைக்கும் எழுதினார்களே, அந்தத் துல்லியத்தோடு. இதனால் ஏதாவது ஒரு மதத்தாரின் மேல் கோபம் திரும்புமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. இன்றைய நாட்டில் அந்தத் தயக்கம் சின்னதில்லை. அப்படியானால் திருமங்கையாழ்வார் கதையையும், இலுப்பை அடியில் புதைத்துவைத்தவர்களின் அச்சத்தையும், ஒல்லாந்தர் காலத்தில் ஏடு கப்பலேறியதையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம். கல் கொஞ்சம் பெரிதாகவேண்டியிருக்கும்.